பழைய வீட்டுத் தரையை உடைக்கும் முன்



போன தை மாசம் எங்கள் வீட்டில் விதைகளுக்கென்று தனியாக ஒரு அறை ஏற்படுத்தலாம் என்று முடிவு செய்தோம். புதிதாகக் கட்டவில்லை. அப்பா 1979-இல் கட்டிய வீட்டின் வடகோடியில் ஓர் அறை சும்மா கிடந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி. தரை அங்கங்கே வெடித்து, ஒரு மூலை உள்வாங்கிப் போயிருந்தது. பழைய தரையை உடைத்து எடுத்துவிட்டு, சுண்ணாம்புத் தரை போட்டு, சுவருக்கும் சுண்ணாம்பு அடித்து, நாட்டு விதைகளைப் பானைகளில் அடுக்கி வைக்கலாம் என்று மனசுக்குள் படம் வரைந்து வைத்திருந்தேன்.

அந்த அறைக்கு எங்கள் வீட்டில் பெயர் 'மருந்து ரூம்பு'. இந்த இதழ் படிக்கிறவர்களுக்கு அது எந்த மருந்து என்று விளக்க வேண்டியதில்லை. பருத்தி போட்ட காலத்தில் எண்டோசல்ஃபான், ஃபாலிடால், மோனோகுரோட்டோபாஸ், தெளிப்பான், உர மூட்டை எல்லாம் அங்கேதான். 2009-இல் நாங்கள் இயற்கை விவசாயத்துக்கு மாறியபோது டப்பாக்களை வெளியேற்றினோம், அறையைக் கழுவினோம், பூட்டினோம். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

கொத்தனார் ஒருத்தர், சித்தாள் இரண்டு பேர். காலையில் கடப்பாரை போட்டார்கள். மத்தியானத்துக்குள் பாதித் தரை பெயர்ந்துவிட்டது. கட்டுத்தரையில் மாடு நிற்கிற இடம் மழைக்குப் பள்ளமாகிக் கிடந்ததால், இடிசலை வீணாக்காமல் அங்கேயே கொட்டி மட்டம் பண்ணச் சொன்னேன். வீட்டில் இருப்பதை வைத்தே வேலையை முடிப்பது நமக்குப் பழகிய புத்திதானே. ஒரு டிப்பர் போய்விட்டது. இரண்டாவது டிப்பர் பாதி நிறைந்தபோது கொத்தனார் கூப்பிட்டார்.

"ஏனுங்ணா, இங்க வந்து பாருங். மண்ணுக்குள்ளாற சிமெண்ட் அட்டையா ஒடைச்சுப் போட்டிருக்காங்க. நார் நாரா வருதுங்."

போய்ப் பார்த்தேன். சாம்பல் நிறத் துண்டுகள், அலை அலையாக வளைந்தவை, உள்ளங்கை அளவு முதல் முறம் அளவு வரை. உடைந்த விளிம்பில் பஞ்சு மாதிரி இழை. பழைய கூரை அட்டையைப் பள்ளம் நிரப்பப் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே இன்னொன்றும் மூக்கில் ஏறியது. பூஞ்சணம் பிடித்த மூட்டையைப் பிரித்தால் வருமே, அந்த மாதிரி ஒரு வாடை, கொஞ்சம் காரமாக.

சாயங்காலம் மாமா வீட்டுக்குப் போயிருந்த அம்மா திரும்பி வந்தார். வாசலில் நின்று மூக்கை மூடிக்கொண்டே கேட்டார். "எதுக்குக் கண்ணு அதைத் தோண்டுனீங்க? கறையான் ஏறாமெ இருக்கோணும்னு உங்கய்யன் கெமாக்சின் பவுடரை மூட்டையா வாங்கியாந்து கொட்டி, அதுக்கு மேலதான காங்கிரீட்டு போட்டாரு?"

ஒரு வார்த்தை முன்னாடியே கேட்டிருந்தால் அம்மா சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. அந்தத் தப்பில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தரைக்குள்ளே என்ன இருக்கலாம்?

நம் வீடுகளில் தரை என்றால் மேலே தெரிகிற பூச்சு மட்டுமில்லை. அதற்குக் கீழே ஜல்லி, அதற்குக் கீழே நிரப்பு மண், அதற்கும் கீழே கடகாலுக்குள் என்ன போட்டார்களோ அது. சாணி மெழுகிய தரை, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இடித்துப் போட்ட தரை, கடப்பாக் கல், ரெட் ஆக்சைடு பூசிய சிமெண்ட் தரை ஆகியவற்றில் மேல் பூச்சால் பெரிய ஆபத்து இல்லை. ரெட் ஆக்சைடு என்பது இரும்புத் துரு நிறப்பொடி. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நிரப்பிலும், நிரப்புக்கு அடியிலும், அந்தத் தரை மேல் பல வருஷம் சிந்தியதிலும்தான் கவனம் வேண்டும்.

முதலில் கறையான் மருந்து. வீடு கட்டும்போதே தரைக்கு அடியில் இருக்கும் மண்ணில் கறையான் கொல்லி ஊற்றுவது இந்தியத் தரக் கட்டுப்பாட்டு விதியிலேயே இருக்கிற முறை. ஒரு சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கரைசல் என்று அளவு போட்டிருப்பார்கள். எழுபது எண்பதுகளில் அந்தக் கரைசல் ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர். இந்த மூன்றும் இந்தியாவில் 1996-இல் தடை ஆயின. கிராமத்தில் கரைசலுக்கெல்லாம் போகவில்லை. வயலுக்கு வாங்கிய பி.எச்.சி. 10 சதத் தூள், நம் ஊர்ப் பேச்சில் கெமாக்சின், அதையே தரைக்கு அடியிலும் சுவர் ஓரத்திலும் தூவினார்கள். பி.எச்.சி. 1997 ஏப்ரலில் தடை ஆனது. அதற்குப் பிறகு கட்டிய வீடுகளில் பெரும்பாலும் குளோர்பைரிபாஸ். ஆகவே உங்கள் வீடு எந்த வருஷம் கட்டியது என்பதே பாதி விடை.

இந்த பி.எச்.சி.யைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது ஒரே பொருள் இல்லை, பல வடிவங்கள் சேர்ந்த கலவை. அதில் பூச்சியைக் கொல்கிற காமா வடிவம் ஏழெட்டில் ஒரு பங்குதான். மீதி எல்லாம் பூச்சிக்கும் பெரிதாக ஆகாத, ஆனால் மண்ணிலும் கொழுப்பிலும் தங்கிக்கொள்கிற பங்கு. அதிலே பீட்டா என்கிற வடிவம் சீக்கிரம் சிதையவே சிதையாது. வயலில் போட்டதாவது வெயிலிலும் மழையிலும் நுண்ணுயிரிடமும் பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. தரைக்கு அடியில் போட்டதற்கு வெயிலும் இல்லை, மழையும் இல்லை, உழவும் இல்லை. அப்படியே பத்திரமாக இருக்கிறது. நிலத்துக்குச் சான்றிதழ் வாங்கும்போது ஆண்டுப் பயிருக்கு 2 வருஷம் மாற்றுக் காலம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். வீட்டுத் தரைக்கு அப்படி யாரும் கணக்கு வைக்கவில்லை.

இரண்டாவது, தரை மேல் சிந்தியது. மருந்து கலக்கிய மூலை, டப்பா வைத்த அலமாரியின் அடி, தெளிப்பானைக் கவிழ்த்து வைத்த இடம். சிமெண்ட் தரை கெட்டி என்று நினைக்கிறோம், ஆனால் அது எண்ணெய்ப் பதத்தில் உள்ள எதையும் உறிஞ்சிக்கொள்ளும். எண்டோசல்ஃபானை 2011-இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. அதுவரை அது நம் எல்லார் வீட்டிலும் இருந்தது. கரும்பழுப்புக் கறை, எவ்வளவு கழுவினாலும் மழைக்காலத்தில் திரும்ப வாடை வருகிற இடம் என்றால் சந்தேகப்படுங்கள். ஆனால் குனிந்து முகர்ந்து பார்க்காதீர்கள். நான் அதைத்தான் செய்தேன், அன்றைக்கு ராத்திரி முழுக்கத் தலைவலி.

மூன்றாவது கல்நார். ஆஸ்பெஸ்டாஸ் அட்டை என்று கடையில் வாங்குகிறோமே, அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கல்நார் இழை, மீதி சிமெண்ட். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் கல்நாரைத் தடை செய்துவிட்டன. நம் நாட்டில் கல்நாரைத் தோண்டி எடுப்பதற்குத்தான் தடை, வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து அட்டை ஆக்குவதற்குத் தடை இல்லை. இது எந்த நியாயம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. முழு அட்டையாகக் கூரையில் இருக்கும்போது இழை அவ்வளவாக வெளியே வராது. உடைத்தால், அறுத்தால், துளை போட்டால், டிராக்டர் டயர் ஏறி நொறுங்கினால் வரும். கண்ணுக்குத் தெரிகிற பஞ்சு இழை பெரிய ஆபத்தில்லை. அது பிரிந்து, தெரியாத அளவுக்கு மெல்லியதாகி நுரையீரலுக்குள் போய்த் தங்குவதுதான் ஆபத்து. நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றிய உறையில் வருகிற புற்றுநோய் எல்லாம் 20, 30, 40 வருஷம் கழித்து வரும். அப்போது டாக்டர் "என்ன வேலை செஞ்சீங்க?" என்று கேட்டால், ஒருநாள் சித்தாள் வேலைக்குப் போய் இடிசல் சுமந்தது யாருக்கு ஞாபகம் வரப்போகிறது?

கல்நார் தரையில் இன்னொரு வழியாகவும் இருக்கலாம். பழைய அலுவலகங்கள், ஆஸ்பத்திரிகளில் சதுரம் சதுரமாக ஒட்டியிருக்கும் வினைல் டைல். இதற்கும் இந்தியத் தர விதி இருந்தது, பெயரிலேயே ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அமெரிக்காவில் 1980-க்கு முன் கட்டிய வீடுகளில் 9 அங்குலச் சதுர டைல் என்றாலே முதலில் சோதித்துவிட்டுத்தான் கை வைப்பார்கள். அதை ஒட்டிய கறுப்புத் தார்ப் பசையிலும் கல்நார் இருந்தது. நம் கிராம வீடுகளில் இது அபூர்வம். பழைய கட்டடத்தை வாங்கி விற்பனை நிலையமாகவோ விதை வங்கியாகவோ மாற்றுகிற குழுக்கள் மட்டும் கவனியுங்கள்.

ஈயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவு, சன்னல், கிராதி பெயிண்டைக் காய்ந்தபடியே தேய்த்தால் தூள் தரையில் படியும், தவழும் குழந்தையின் கைவழியாக வாய்க்குப் போகும். தரை வேலையோடு கதவையும் தேய்க்க நினைப்பவர்கள் ஈரம் பண்ணித் தேய்க்க வேண்டும். கிரில்லுக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடு பிரைமர் வேறு, பழைய காலத்து ஈயச் செந்தூரம் வேறு. நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது.

சுவர் மண்ணை உரமாகப் போடுகிறவர்களுக்கு

இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது நம் ஆட்கள் பெருமையாகச் செய்கிற வேலை. பழைய மண்வீட்டை இடித்தால் சுவர் மண்ணையும் தரை மண்ணையும் வயலுக்கு அடிப்பது அந்தக் காலத்திலிருந்து வருகிற வழக்கம். உப்புப் பூத்த மண், நல்ல உரம். எங்கள் அப்பாரு அதற்காகவே பக்கத்து ஊரில் இடிந்த வீட்டுக்கு வண்டி கட்டிக்கொண்டு போவாராம்.

ஆனால் அப்பாரு காலத்துக்குப் பிறகு அந்தச் சுவருக்கு ஒன்று நடந்திருக்கிறது. மலேரியா ஒழிப்புத் திட்டம் 1953-இல் கட்டுப்பாட்டுத் திட்டமாக ஆரம்பித்து 1958-இல் ஒழிப்புத் திட்டமாக மாறியது. வீட்டின் உள்சுவரில் டி.டி.டி. அடிப்பதுதான் அதன் முக்கிய வேலை. வயசானவர்களைக் கேளுங்கள், முதுகில் தெளிப்பானோடு ஆள் வந்து வீட்டுக்குள் அடித்ததை நினைவாகச் சொல்வார்கள். விவசாயத்தில் டி.டி.டி. 1989-இல் தடை ஆனது, பொதுச் சுகாதாரத்துக்கு அதன் பிறகும் இருந்தது. மண்சுவர் அதை நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்காக எல்லாப் பழைய மண்ணும் விஷம் என்று நான் சொல்லவில்லை. அந்த வீடு எந்தக் காலத்தது, யார் வந்து என்ன அடித்தார்கள் என்று கேட்காமல் காய்கறிப் பாத்தியில் போடாதீர்கள்.

குறிப்பாகப் பூசணிக் குடும்பம். ஆல்ட்ரின் மண்ணில் டீல்ட்ரின் ஆக மாறிப் பல பத்தாண்டு தங்கும். வெள்ளரி, பூசணி, சுரை போன்ற கொடிகள் இந்த வகை நஞ்சை வேர்வழி உறிஞ்சிக் காய்க்குக் கொண்டுபோவதில் மற்றப் பயிர்களைவிடக் கெட்டிக்காரர்கள். ஜப்பானில் ஆல்ட்ரினை எழுபதுகளிலேயே நிறுத்தியும், இரண்டாயிரத்துக்குப் பிறகு விளைந்த வெள்ளரிக்காயில் டீல்ட்ரின் எச்சம் கிடைத்தது. அடுத்தது கோழி. மண்ணைக் கிளறி மேய்கிற நாட்டுக்கோழி மண்ணோடு சேர்த்துத்தான் விழுங்கும். உள்ளே போன நஞ்சு முட்டையின் மஞ்சள் கருவில் சேரும். மாட்டுக்குப் பாலில் வெண்ணெயோடு.

இப்போது எங்கள் வீட்டை நினைத்துப் பாருங்கள். நான் இடிசலைக் கொட்டியது கட்டுத்தரையில். அதற்குப் பக்கத்திலேயே குப்பைக்குழி, குழி மேட்டில் பரங்கிக் கொடி, அதன் நிழலில் பதினோரு கோழி.

உடைக்கும் முன் செய்ய வேண்டியது

முதலில் கேளுங்கள். வீட்டில் வயசானவர் இருந்தால் அவரிடம், இல்லையென்றால் அந்தக் காலத்தில் வேலை செய்த கொத்தனார் குடும்பத்தில். எந்த வருஷம் கட்டியது, நிரப்பு மண் எங்கிருந்து வந்தது, கூரை எப்போது மாற்றியது, பழைய அட்டை எங்கே போனது, கறையானுக்கு என்ன போட்டார்கள், அந்த அறையில் என்ன வைத்திருந்தார்கள். "பழைய அட்டை எங்கே போனது" என்ற ஒரு கேள்வி எனக்குத் தோன்றியிருந்தால் போதும். எங்கள் மாட்டுக் கொட்டகைக்கு 1991-இல் கூரை மாற்றியபோது அப்பா பழைய அட்டைகளை அந்த அறையின் உள்வாங்கிய மூலையில் போட்டு மேலே சிமெண்ட் பூசியிருக்கிறார். அம்மாவுக்கு அதுவும் தெரியும்.

பிறகு பாருங்கள். வெடிப்பிலும் மூலையிலும் வெள்ளைப் பொடி, கறை, தார், அட்டைத் துண்டு. தட்டிப் பார்த்தால் குடைவாகச் சத்தம் வருகிற இடம். அட்டையில் கல்நார் இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் முடிவு கட்ட முடியாது, நுண்ணோக்கி வைத்து ஆய்வகத்தில்தான் சொல்ல முடியும். நம் ஊரில் அலை அட்டை என்றால் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வது நல்லது. சோதனைக்குக் கொடுக்கும் காசு மிச்சம்.

மண்ணுக்குச் சோதனை அவசியம். கோவையில் நம் வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சிக்கொல்லி எச்சம் பார்க்கும் கூடம் இருக்கிறது, தனியார் ஆய்வகங்களும் உண்டு. என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்றதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அறையில் மூலைக்கு ஒன்றும் நடுவில் ஒன்றுமாக ஐந்து இடத்தில் மண் எடுத்து, கலந்து, அரைக் கிலோ அளவு சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூட வேண்டும். கையுறை போட்டு, கரண்டியைக் கழுவி எடுக்கவும். கொடுக்கும்போது "பூச்சிக்கொல்லி டெஸ்ட்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். பி.எச்.சி., டி.டி.டி., ஆல்ட்ரின், டீல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர், எண்டோசல்ஃபான் இவை பட்டியலில் இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். இயந்திரத்துக்குத் தேடச் சொன்னதை மட்டும்தான் தேடத் தெரியும். முதல் தடவை நான் கொடுத்த இடத்தில் இன்றைய மருந்துகளைப் பார்த்து 'இல்லை' என்று தாள் கொடுத்துவிட்டார்கள். பழைய மருந்துகளின் பெயரை எழுதிக் கொடுத்த பிறகு பி.எச்.சி. வந்தது, எண்டோசல்ஃபானும் கொஞ்சம் வந்தது. சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. தரை போடும் செலவில் அது பெரிய காசில்லை.

இனி முக்கியமான கேள்வி: உடைக்கத்தான் வேண்டுமா? தரை வெடித்திருக்கிறது என்பதற்காக உடைக்க வேண்டியதில்லை. அடியில் இருப்பது அடியிலேயே இருக்கும்வரை தொந்தரவு குறைவு. மேலே தடித்த பாலிதீன் தாள் விரித்து, ஓரத்தில் சுவர் மேல் நாலு விரல்கடை ஏற்றி, அதன் மேல் புதிய தளம் போட்டுவிடலாம். தரை மூன்று அங்குலம் உயரும், கதவின் அடியை அறுக்க வேண்டி வரும். பிளாஸ்டிக் போட்டுத் தரையா என்று நண்பர் ஒருத்தர் முகம் சுளித்தார். எனக்கும் சுண்ணாம்புத் தரைதான் பிடிக்கும். ஆனால் சுண்ணாம்புத் தரை மூச்சு விடும் தரை. அடியில் பி.எச்.சி. இருக்கும்போது அந்த மூச்சு நமக்கு வேண்டாம்.

கண்டிப்பாக உடைக்க வேண்டுமென்றால் தண்ணீர்தான் முதல் ஆயுதம். முதல் நாளே நனைத்து, உடைக்கும்போதும் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். கல்நார் இருந்தால் தண்ணீரில் கொஞ்சம் சோப்பு, இழை நன்றாக நனையும். அட்டைத் துண்டை மேலும் உடைக்காமல் முழுசாக எடுத்து, ஈரத்தோடு இரட்டைப் பாலிதீன் பையில் கட்டவும். கிரைண்டர், கட்டர் கூடாது. மொசைக், டைல், கல் அறுக்கும்போதுகூடத் தண்ணீர் விட்டுத்தான் அறுக்க வேண்டும், அந்தத் தூளில் உள்ள சிலிகாவும் நுரையீரலை இறுக்கிவிடும். விளக்குமாறு போட்டுக் காய்ந்த தூசியைப் பெருக்கக் கூடாது, ஈரத் துணியால் துடைத்து எடுக்கணும். குழந்தை, கர்ப்பிணி, ஆடு மாடு, கோழி பக்கத்தில் இருக்கக் கூடாது. விதையும் தானியமும் அன்றைக்கு வேறு வீட்டில்.

மூக்கில் துண்டு கட்டுவதால் ஒரு பயனும் இல்லை. சாதாரணத் தூசிக்கு என்-95. கல்நாருக்கு அது போதாது, பி-100 வடிகட்டி வைத்த ரப்பர் முகமூடி வேண்டும். கட்டுமானப் பாதுகாப்புப் பொருள் கடைகளில் கிடைக்கிறது. இதை யாருக்கு வாங்குகிறோம் என்பதையும் யோசியுங்கள். மேஸ்திரி நின்று சொல்கிறார், கொத்தனார் கடப்பாரை போடுகிறார். தூசி முழுக்க இறங்குவது பாண்டுச் சட்டியைத் தலையில் வைத்துச் சுமக்கிற சித்தாள் பெண் மேல்தான். சாயங்காலம் அந்தச் சேலையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்குவார். எங்கள் வீட்டில் அந்த முதல் நாள் அப்படித்தான் நடந்தது. அவர்கள் இருவரிடமும் மறுநாள் போய் விஷயத்தைச் சொன்னேன். ஒருத்தர், "முன்னயே சொல்லியிருந்தா நான் வந்தே இருக்க மாட்டனுங்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உடுப்பைத் தனியாகத் துவைக்கச் சொன்னேன், இரண்டு பேருக்கும் புதுச்சேலை எடுத்துக் கொடுத்தேன்.

கொட்டியதைத் திரும்ப எடுத்தோம்

கட்டுத்தரையில் கொட்டிய டிப்பர் மண்ணை நானும் கொத்தனாரும் எடுத்தோம். மூன்று நாள். சித்தாட்களைக் கூப்பிடவில்லை. இடிசலோடு அதன் அடியில் இருந்த எங்கள் சொந்த மண்ணையும் அரை அடி சுரண்டினோம், நனைத்து நனைத்து. மாடுகளைப் பக்கத்துத் தோட்டத்துக்கு மாற்றினோம். பரங்கிக் கொடியை, இரண்டு காய் நன்றாகத் திரண்டிருந்தது, பிடுங்கி எடுத்தோம். முட்டையை இரண்டு மாசம் யாருக்கும் விற்கவில்லை, நாங்களும் சாப்பிடவில்லை. குப்பைக்குழியில் இடிசல் விழவில்லை என்பது அதிர்ஷ்டம்.

எடுத்ததை எங்கே போடுவது? கும்மிடிப்பூண்டியில் ஆபத்தான கழிவைப் புதைக்கிற இடம் இருக்கிறது. ஆலைகள் லாரி லாரியாக அனுப்பும். பெரிய கட்டடம் இடிக்கிறவர்கள் மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அந்த வழியில்தான் போக வேண்டும். எங்களுடைய ஒன்றரை டிப்பருக்கு அது கட்டுப்படியாகவில்லை. ஓடையில் கொட்டலாம், புறம்போக்கில் கொட்டலாம், வண்டிப்பாதைக்குப் போடலாம் என்று யோசனை சொல்ல ஆள் நிறைய வந்தார்கள். வண்டிப்பாதையில் போட்டால் டயர் அரைத்து அரைத்துக் கல்நாரைப் பறக்கவிடும். ஓடை அடுத்தவர் கிணற்றுக்குப் போகும்.

கடைசியில் அது வந்த இடத்துக்கே போனது. அந்த அறை எங்கள் கிணற்றிலிருந்து தூரத்தில், மேட்டில், கூரைக்குக் கீழே இருக்கிறது, மழை படாது. பி.எச்.சி. தண்ணீரில் எளிதில் கரையாது, மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும். காய்ந்த இடத்தில் மூடி வைப்பதே எங்களால் முடிந்ததில் நல்ல வழி. அட்டைத் துண்டுகளைப் பையோடு அடியில் வைத்து, மண்ணைப் போட்டுத் தண்ணீர் தெளித்து இறுக்கி, இரண்டு அடுக்குப் பாலிதீன் விரித்து, மேலே நாலு அங்குலம் காங்கிரீட். இப்போது அங்கே பழைய மோட்டார், குழாய், ஏணி, இரும்புச் சாமான் இருக்கின்றன. உண்ணுகிற பொருள், விதை, தீவனம் எதுவும் உள்ளே போகாது.

விதை அறை திண்ணைக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறைக்கு மாறியது. அதன் தரையையும் உடைக்கவில்லை. முதலில் அம்மாவைக் கேட்டேன். அங்கே ராகியும் கம்பும் மட்டும்தான் இருந்தது, தரை அப்பாருவே இடித்துப் போட்ட சுண்ணாம்பு என்றார். அதற்குப் பிறகும் மண் எடுத்துக் கோவைக்கு அனுப்பினேன். தாளில் எதுவும் வரவில்லை.

மருந்து ரூம்பின் கதவுக்கு உள்பக்கம் ஒரு தகரப் பலகை அடித்து, பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: "இந்தத் தரைக்குக் கீழே பி.எச்.சி. தூள், கல்நார் அட்டை இருக்கிறது. உடைக்க வேண்டாம்." அதையே ஒரு தாளில் தேதியோடு எழுதி வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்தாயிற்று. அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயசு.